தாயில்பட்டியில் கைமாறும் 500 ரூபாய் நோட்டு... மத்திய அரசுக்கு வருமானமாக மாறுவது எப்படி? ரிசர்வ் வங்கி கொடுத்த 2.69 லட்சம் கோடியின் கணக்கு!

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை பக்கத்தில் இருக்கிறது தாயில்பட்டி. பட்டாசும் தீப்பெட்டியும்தான் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே சோறு போடுகிற தொழில். கூலி பெரும்பாலும் வாரக்கூலி. அதுவும் கையில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிற கூலி.

அப்படிக் கைக்கு வந்த ஒரு 500 ரூபாய் நோட்டு மளிகைக் கடைக்கோ சீட்டுக்கோ போகிறவரை முந்தானையிலோ சட்டைப் பையிலோ கிடக்கிறது. அந்த நாட்களில் அந்தத் தொழிலாளி ரிசர்வ் வங்கிக்கு 500 ரூபாய் கடன் கொடுத்து வைத்திருக்கிறார். அதுவும் வட்டியே இல்லாமல்!

கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் நோட்டிலேயே அது எழுதியிருக்கிறது. ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துக்கு மேலே, இந்த நோட்டை வைத்திருப்பவருக்கு 500 ரூபாய் தருவதாக உறுதி சொல்கிற வரி ஒன்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கடன் பத்திரத்தில் எழுதுகிற வாசகம் அது. ரிசர்வ் வங்கியின் கணக்குப் புத்தகத்திலும் நாட்டில் புழங்கும் நோட்டு முழுவதும் 'பொறுப்பு' பக்கத்தில், அதாவது கடன் பக்கத்தில்தான் வருகிறது.

2025 மார்ச் இறுதியில் இப்படிப் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 36.88 லட்சம் கோடி ரூபாய். குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு சராசரியாக 25,000 ரூபாய். அத்தனையும் வட்டியில்லாக் கடன்.

2025 மே மாதம் மத்திய அரசுக்கு ரிசர்வ் வங்கி 2,68,590 கோடி ரூபாய் உபரி கொடுத்தது நினைவிருக்கலாம். அதற்கும் இந்த 500 ரூபாய் நோட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

நோட்டு அடிச்சா 497 ரூபாய் லாபமா?

சிவகாசிக்காரர்களிடம் அச்சுத் தொழிலைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. காலண்டர், லேபிள், நோட்டுப் புத்தகம் என்று அங்கே ஆஃப்செட் மெஷினில் ஓடாத காகிதம் குறைவு. காகிதம் என்ன விலை, மை என்ன விலை, ஒரு தாளுக்கு என்ன அடக்கம் என்று விரல்நுனியில் சொல்வார்கள்.

500 ரூபாய் நோட்டின் அடக்க விலை இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு ஊர் அச்சகங்களில் இவை அச்சாகின்றன. 2024-25-ல் மொத்த நோட்டு அச்சுச் செலவே சுமார் 6,370 கோடி ரூபாய்தான். அப்படியானால் ஒரு நோட்டுக்கு 497 ரூபாய் லாபம் என்று தோன்றும். பலரும் நினைப்பது இதைத்தான். ஆனால் அது சரியில்லை.

நோட்டை ரிசர்வ் வங்கி யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. 500 ரூபாய் வெளியே போனால் அதற்கு ஈடாக 500 ரூபாய் மதிப்புள்ள ஒரு சொத்து அதன் பக்கம் இருக்கவேண்டும். மத்திய அரசின் கடன் பத்திரம், அமெரிக்க அரசுப் பத்திரம் மாதிரியான வெளிநாட்டுச் சொத்து, தங்கம் என்று பல வகை. இதில் தங்கத்தைத் தவிர மற்றவை வட்டி தருகின்றன. நோட்டை வைத்திருப்பவருக்கோ ரிசர்வ் வங்கி வட்டி தரவேண்டியதில்லை. லாபம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

ஒரு கணக்குக்கு, பத்திரம் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு வருஷம் 35 ரூபாய். நோட்டு கிழிந்து திரும்பி வருகிறவரை வருஷா வருஷம் அந்த 35 ரூபாய் வந்துகொண்டே இருக்கும். கிழிந்த நோட்டுக்குப் பதில் புதுசு அடிக்க இரண்டு சொச்சம் செலவு, அவ்வளவே.

வங்கிகளிடமும் இதே கதை உண்டு. மக்கள் போடும் டெபாசிட்டில் ஒரு பங்கை, இப்போது 3 சதவீதத்தை, வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கட்டாயமாக வைக்கவேண்டும். சி.ஆர்.ஆர் என்பார்கள். அதற்கும் வட்டி கிடையாது.

இப்படி வரும் ஆதாயத்துக்குப் பொருளாதாரத்தில் 'செய்ன்யோரேஜ்' என்று பெயர். பிரபு, நிலக்கிழார் என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாணயம் அடிக்கும் உரிமை பிரபுவுக்கு; ஒரு காசில் உள்ள வெள்ளியின் மதிப்புக்கும் காசின் மதிப்புக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அவர் பைக்கு. நம் பக்கமும் காசடிக்கும் இடம் அரசனுடைய பிடியில்தான் இருந்தது. அக்கசாலை என்பது அதற்குத் தமிழில் இருந்த பெயர். இப்போதும் நாணயங்களும் ஒரு ரூபாய் நோட்டும் மட்டும் ரிசர்வ் வங்கியுடையவை அல்ல, நேரடியாக மத்திய அரசுடையவை. ஒரு ரூபாய் நோட்டைப் பார்த்தால் ஆளுநர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும்.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. செலவு, ஒதுக்கீடு எல்லாம் போக மிஞ்சும் உபரி மத்திய அரசுக்கு.

இந்த உபரி எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். 2021-22 கணக்குக்கு 30,307 கோடி. அடுத்த வருஷம் 87,416 கோடி. 2023-24-க்கு 2,10,874 கோடி. 2024-25-க்கு 2,68,590 கோடி. மூன்றே வருஷத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு!

நோட்டுப் புழக்கம் ஒன்பது மடங்கு கூடவில்லை. அதனால் இந்தப் பணம் முழுவதையும் செய்ன்யோரேஜ் கணக்கில் எழுதக்கூடாது. அமெரிக்காவில் வட்டி ஏறியதால் அங்கே வைத்திருக்கும் பத்திரங்களின் வருமானம் கூடியது. ரூபாய் சரியாமல் தாங்கிப் பிடிக்க 2024-25-ல் மட்டும் ரிசர்வ் வங்கி மொத்தமாக ஏறத்தாழ 40,000 கோடி டாலரை விற்றது. எப்போதோ மலிவாக வாங்கிய டாலரை 84, 85 ரூபாய்க்கு விற்றால் லாபம் வரத்தானே செய்யும். ஆனால் இந்த டாலர்களை எல்லாம் வாங்கிச் சேர்க்க முதலில் ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரிசர்வ் வங்கி தானே உருவாக்கிய ரூபாய்தான். அடித்தளம் மறுபடியும் அந்த வட்டியில்லாக் கடன்.

2.69 லட்சம் கோடி எவ்வளவு பெரிய பணம்? 2025-26 பட்ஜெட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. அதுபோல மூன்று மடங்கு. அதே பட்ஜெட்டில் காட்டிய நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி. அந்தப் பள்ளத்தில் ஆறில் ஒரு பங்கை மூடுகிற அளவு.

தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டா?

நேரடியாக, இல்லை.

சிவகாசிப் பட்டாசுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில்லில் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டிலேயே விற்றால் அதில் பாதி மாநிலத்துக்கு. மத்திய அரசு வசூலிக்கும் வரிகளிலும், செஸ், கூடுதல் வரி நீங்கலாக, 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழு சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம்.

ரிசர்வ் வங்கி கொடுப்பதோ வரி அல்ல, 'வரி அல்லாத வருவாய்'. அதனால் பிரிக்கும் பானைக்குள்ளேயே அது வராது. சும்மா ஒரு கணக்குப் போட்டால், 2.69 லட்சம் கோடியும் வரியாக வந்திருந்தால் தமிழ்நாட்டுக்கு சுமார் 4,490 கோடி ரூபாய் வந்திருக்கும். நோட்டு எல்லா மாநிலத்துக்காரர் பையிலும் கிடக்கிறது, ஆதாயம் மட்டும் டெல்லிக்கு என்ற பேச்சு இதனால்தான் எழுகிறது. மத்திய அரசு தரப்பிலிருந்து பார்த்தால், ரிசர்வ் வங்கியின் உரிமையாளரே மத்திய அரசுதான், உபரி யாருக்கு என்று சட்டமும் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரிதான். நியாயப்படி சரியா என்பது இன்னும் முடியாத வழக்கு.

இவ்வளவு வருதுன்னா, இன்னும் அடிச்சுக்கலாமே?

மத்திய அரசு தன் கடன் பத்திரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வட்டி கட்டுகிறது. அந்த வட்டி லாபமாகி, உபரியாக மத்திய அரசுக்கே திரும்பி வருகிறது. இடது பாக்கெட்டில் எடுத்து வலது பாக்கெட்டில் போடுகிற மாதிரி. அதாவது ரிசர்வ் வங்கி கையில் இருக்கும் கடன், அரசுக்குக் கிட்டத்தட்ட வட்டியில்லாக் கடன். ஓட்டு வாங்க வரியைக் கூட்டவேண்டாம், சந்தையில் கடன் கேட்டு நிற்கவேண்டாம். எந்த அரசுக்குத்தான் ஆசை வராது?

அந்த ஆசைக்கு முழுசாக இடம்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1990-களில் பழைய சோவியத் நாடுகள் காட்டின. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஆலைகள் எல்லாம் அரசுடையவை. ஆலை வருமானத்தை அரசே எடுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான தனி ஆட்களிடமும் சின்னக் கடைகளிடமும் வரி வசூலித்துப் பழக்கமே இல்லை. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் ஆலைகள் முடங்கின, வருமானம் நின்றது. ஆனால் ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், நஷ்டத்தில் ஓடும் ஆலைகளுக்கு மானியம் எதுவும் நிற்கவில்லை. வரி வாங்கும் இயந்திரத்தைக் கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும். நோட்டு அடிக்கும் இயந்திரமோ தயாராகவே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நாடுகள் பிரிந்துவிட்டன, ஆனால் ரூபிள் ஒன்றாகவே கொஞ்ச காலம் இருந்தது. ரூபிள் நோட்டை அடிப்பது ரஷ்யா மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கியும் ரூபிளில் கடன் கொடுக்க முடியும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே ரேஷன் கார்டுக்கு ஆளாளுக்குப் பொருள் வாங்குகிற மாதிரிதான். ஆதாயம் கடன் கொடுத்த நாட்டுக்கு, விலைவாசி எல்லோருக்கும். 1992-ல் ரஷ்யாவில் பணவீக்கம் சுமார் 2,500 சதவீதம்.

உக்ரைன் நிலைமை இன்னும் மோசம். 1993-ல் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியது. நூறு ரூபாய்க்கு விற்ற பொருள் ஒரே வருஷத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனதற்குச் சமம். 1996-ல் 'ஹ்ரிவ்னியா' என்று புதுப் பணம் வந்தபோது பழைய பணம் ஒரு லட்சம் கொடுத்தால்தான் புதுப் பணம் ஒன்று கிடைத்தது. ஆயுசு முழுக்கச் சேர்த்த சேமிப்பு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாமல் போன வயசானவர்கள் அங்கே ஏராளம்.

இதில் கவனிக்கவேண்டியது, அடிக்க அடிக்க அரசுக்கு வருமானமும் கூடவில்லை என்பதுதான். முதலில் கொஞ்ச நாள் கூடும். பிறகு மக்கள் சுதாரித்துக்கொள்வார்கள். சம்பளம் வாங்கிய அன்றைக்கே அதை டாலராக, இல்லையென்றால் சர்க்கரை மூட்டையாக மாற்றிவிடுவார்கள். நாட்டு நோட்டைக் கையில் வைத்திருக்க ஆளே இல்லை என்றால், அந்த வட்டியில்லாக் கடனைக் கொடுப்பது யார்? எவ்வளவு அடித்தாலும் உண்மையான மதிப்பில் கிடைப்பது சுருங்கிக்கொண்டே போகும்.

பக்கத்திலேயே இருந்த எஸ்டோனியா வேறு வழியில் போனது. 1992 ஜூனில் 'க்ரூன்' என்று சொந்தப் பணத்தை இறக்கி, எட்டு க்ரூனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிப்போட்டது. கையில் அந்நியச் செலாவணி இருக்கும் அளவுக்குத்தான் நோட்டு. அரசுக்குக் கடன் கொடுக்க மத்திய வங்கிக்கு அனுமதியே இல்லை. போலந்து 1997-ல் இந்தத் தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

நமக்குப் பழகிய உதாரணம் வேண்டுமென்றால் இலங்கை. 2019 இறுதியில் அங்கே வரிகளை ஒரேயடியாகக் குறைத்தார்கள். வருமானம் விழுந்தது. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி அரசின் கருவூலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. எரிபொருள், மருந்துத் தட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்ற அறிவிப்பு, செப்டம்பரில் கொழும்பில் 69.8 சதவீதப் பணவீக்கம். அச்சடித்தது மட்டுமே காரணம் இல்லை, டாலர் தீர்ந்துபோனது பெரிய காரணம். ஆனால் 2023-ல் இலங்கை கொண்டுவந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசிடமிருந்து நேரடியாகப் பத்திரம் வாங்கக்கூடாது என்று மத்திய வங்கியின் கையைக் கட்டியது. எங்கே தப்பு நடந்தது என்று அவர்களே அடையாளம் காட்டிவிட்டார்கள்.

இந்தியாவில் அந்தக் குழாய் எப்போது அடைக்கப்பட்டது?

இந்தியாவிலும் குழாய் திறந்துதான் கிடந்தது. 1950-களிலிருந்து, மத்திய அரசின் கணக்கில் பணம் குறைந்தால் 'அட்ஹாக் ட்ரெஷரி பில்' என்ற பெயரில் ரிசர்வ் வங்கி தானாகவே அதை நிரப்பிவிடும். இதற்கு மேல் கிடையாது என்ற எல்லையும் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்தது நாற்பது வருஷம் ஓடியது.

1994 செப்டம்பரில், மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் சி.ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தபோது, இதை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். 1997 ஏப்ரலோடு அது முடிவுக்கு வந்தது. பிறகு 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரல் முதல் அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் பொதுவாகத் தடை. வெளிச்சந்தையில் மற்றவர்களிடமிருந்து வாங்கலாம், அதற்குத் தடையில்லை.

நேரடிக் குழாய் மூடிய பிறகு, சண்டை உபரியின் பக்கம் திரும்பியது. ரிசர்வ் வங்கி அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கும் கையிருப்பு தேவைக்கு மேல் இருக்கிறது, அதையும் கொடுக்கலாம் என்பது மத்திய அரசு பக்கத்தின் வாதம். 2018 அக்டோபரில் அப்போதைய துணை ஆளுநர் விரால் ஆச்சார்யா, மத்திய வங்கியின் சுதந்திரத்தில் கை வைக்கும் அரசுகள் சந்தையின் கோபத்தைச் சந்திக்கும் என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். டிசம்பரில் ஆளுநர் உர்ஜித் படேல் ராஜினாமா செய்தார். சொந்தக் காரணம் என்றார். பிறகு பிமல் ஜலான் குழு, மொத்தச் சொத்தில் 5.5 முதல் 6.5 சதவீதம் ஆபத்துக் கையிருப்பாக இருந்தால் போதும் என்று வரையறுத்தது. 2019 ஆகஸ்டில் 1,76,051 கோடி ரூபாய் கைமாறியது.

2025-ல் அந்த வரம்பை 4.5 முதல் 7.5 சதவீதம் என்று விரித்தார்கள். அந்த வருஷம் உச்சமான 7.5 சதவீதத்தை ஒதுக்கிவைத்த பிறகும்தான் 2.69 லட்சம் கோடி மிஞ்சியது. ஒருவேளை 6.5 சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் உபரி இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஒவ்வொரு மே மாதமும் ரிசர்வ் வங்கி உபரி அறிவிப்பு வரும்போது, தலைப்பில் வரும் கோடிக்கணக்கைவிட இந்தச் சதவீதத்தைப் பார்ப்பது நல்லது. அது இறங்கினால் அரசு கொஞ்சம் அதிகமாகவே கறந்திருக்கிறது என்று அர்த்தம்.

2016-ல் நடந்தது என்ன?

அந்த வருஷம் தீபாவளி முடிந்து பத்தாவது நாள். நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் இந்த இரண்டு நோட்டுதான். கூலியை ரொக்கமாக வாங்கும் ஊர்களுக்கு அந்த வாரங்கள் மறக்காது.

அப்போது ஒரு கணக்கு ஓடியது. சில லட்சம் கோடி மதிப்பிலான கறுப்புப் பண நோட்டுகள் வங்கிக்குத் திரும்பவே திரும்பாது, அந்த அளவுக்கு ரிசர்வ் வங்கியின் கடன் கழியும், அது அப்படியே அரசுக்குப் பெரிய லாபமாக வரும் என்பது அந்தக் கணக்கு. செய்ன்யோரேஜை ஒரே ராத்திரியில் எடுக்கப் பார்த்த கணக்கு என்றும் சொல்லலாம். ஆனால் 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. அச்சுச் செலவு முந்தின வருஷத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் எகிறி 7,965 கோடி ஆனது. வங்கிகளில் குவிந்த டெபாசிட்டை உறிஞ்ச ரிசர்வ் வங்கி வட்டி வேறு கொடுத்தது. கடைசியில் அரசுக்குப் போன உபரி முந்தின வருஷத்தின் 65,876 கோடியிலிருந்து 30,659 கோடியாகச் சுருங்கியது.

கடைசியில் இதைக் கொடுப்பது யார்?

ரொக்கத்தை அதிக நாள் கையில் வைத்திருப்பவர்தான். வசதி உள்ளவர் பணத்தை எஃப்.டி, மியூச்சுவல் ஃபண்ட், நிலம், நகை என்று பிரித்துப் போட்டுவிடுவார். தீப்பெட்டி ஒட்டியும் திரி வெட்டியும் வரும் கூலியில் மிச்சம் பிடித்து அரிசிப் பானைக்குள் சிறுவாடு சேர்க்கும் அம்மாவிடம் இருப்பது வெறும் நோட்டு. விலைவாசி ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதத்தில் ஏறினால்கூட, இன்று வைத்த 10,000 ரூபாய்க்கு ஐந்து வருஷம் கழித்து சுமார் 8,200 ரூபாய் பொருள்தான் வாங்க முடியும். இதற்கு பில் கிடையாது, ரசீது கிடையாது, யாரும் வந்து வசூலிப்பதும் இல்லை.

வங்கிச் சேமிப்புக் கணக்கில் போட்டால் முழுசாகத் தப்பிக்க முடியுமா? முடியாது. பெரிய வங்கிகள் தரும் வட்டியே 2025 நிலவரப்படி 2.5 சதவீதம்தான். ஆனாலும் பானையைவிடத் தேவலை. அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஆர்.டி போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

பட்டாசு, தீப்பெட்டி ஊர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கவேண்டும். தீயில் கருகும் நோட்டு திரும்பி வராவிட்டால், அது ரிசர்வ் வங்கி கட்டவேண்டியிராத கடனாகிவிடும். அதனால் பாதி எரிந்த நோட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், ஒரே துண்டாக இருக்கும் பெரிய பகுதி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை கிடைக்கும். 40 முதல் 80 சதவீதம் என்றால் பாதித் தொகை. அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடைக்காது. கிழிந்த நோட்டை வங்கிக் கிளையிலேயே மாற்றலாம். ரொம்பக் கருகியோ, பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டோ இருந்தால் கிளையில் வாங்கமாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில்தான் கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னையில் இருக்கிறது.